ஒப்பந்தம் முடிந்த மறுநாள்

(கோலா கிளாவாங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் ஆதியில் குடியேறியவர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதற்கு, நெகிரி செம்பிலானில் ஜெலெபு மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்தச் சிற்றூருக்கு ஒருவன் ஏறி வரத்தான் வேண்டுமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். புக்கிட் தங்கா மலைப்பாதையின் வளைவுகளில் தலைசுற்றி வந்து சேர்ந்த எனக்கே அந்தச் சந்தேகம் வழியில் ஒருமுறை எழுந்தது. ஆயினும், சரித்திரத்தில் நமக்கு எட்டாத தூரத்தில் நடந்ததாகத் தோன்றும் காரியங்கள் சில நம் வீட்டு வாசற்படி வரையில் நீண்டு வந்திருக்கின்றன என்பதையும், நம் பாட்டன்மார் கப்பலேறியதற்கான காரணங்களில் ஒன்று அமெரிக்கக் கடற்கரையில் ஒரு சேனாதிபதி தோற்றதிலே கிடக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னால், இந்தப் பிரயாணம் வீணன்று என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

அந்தச் சேனாதிபதியின் பெயர் காரன்வாலிஸ். 1781-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வர்ஜீனியாவில் யார்க்டவுன் என்னும் ஊரில் வாஷிங்டனின் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் முன்னால் அவருடைய சேனை ஆயுதங்களைக் கீழே வைத்தது. அதோடு பதின்மூன்று குடியேற்றங்களும் ஆங்கிலேயரின் கையை விட்டுப் போயின என்றே சொல்லிவிடலாம். மேற்கே ஒரு ராஜ்யத்தை இழந்தவர்கள் கிழக்கே திரும்பினார்கள். தோற்ற அதே காரன்வாலிஸ் 1786-இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். அதே ஆண்டில்தான் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் கொடி ஏற்றினார். அங்கே எழுந்த கோட்டைக்குக் காரன்வாலிஸின் பெயரையே சூட்டினார்கள். பிறகு 1792-இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கும்பெனியின் வசமாயின. எந்தச் சேலத்துச் சீமையிலிருந்து பின்னாளில் கங்காணிமார் ஆள் பிடித்தார்களோ அந்தச் சீமையையும், எந்தப் பினாங்குத் துறையில் அந்த ஆட்கள் இறங்கினார்களோ அந்தத் துறையையும், அமெரிக்காவை இழந்த ஒரே மனிதரின் பெயர் இணைத்து நிற்கிறது. யார்க்டவுனில் அவர் வென்றிருந்தாலும் ஆங்கிலேயர் கிழக்கே வந்திருப்பார்கள் என்று வாதிப்போர் உண்டு. வந்திருக்கலாம், ஆனால் இத்தனை வேகமாகவும் இத்தனை ஆவலோடும் வந்திருக்கமாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்கக் குடியேற்றம் என்றவுடனே பள்ளிக்கூடத்துப் புத்தகம் மேபிளவர் கப்பலைக் காட்டும். 1620-இல் 102 பேர் அந்தக் கப்பலில் போனார்கள், அவர்களில் பலர் தங்கள் மனச்சாட்சிப்படி கடவுளைத் தொழுவதற்காகவே போனவர்கள், முதல் குளிர்காலத்திலேயே பாதிப்பேர் மாண்டார்கள் என்பதெல்லாம் மெய்தான். அவர்கள் பக்தி சிலாகிக்கத்தக்கது. பிள்ளைகளின் படிப்பில் அந்தப் பக்கத்தார் வைத்த அக்கறை அதைவிடச் சிலாகிக்கத்தக்கது. ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஒவ்வொன்றும் ஒரு வாத்தியாரை அமர்த்தவேண்டும் என்று மாசசூசெட்ஸ்காரர்கள் 1647-லேயே சட்டம் செய்தார்கள். மலாயாவின் தோட்டங்களில் பத்துப் பிள்ளைகளோ அதற்குமேலோ இருந்தால் முதலாளி பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்ற விதி 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில்தான் திடமாக வந்தது என்பதை இதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நமக்கு உறவுள்ள அமெரிக்கா அந்த வடகோடி அமெரிக்கா அன்று. தெற்கே, புகையிலை விளைந்த வர்ஜீனியாதான் நம்முடைய பங்காளி.

வர்ஜீனியாவைக் கண்டது ஒரு வியாபாரக் கும்பெனி. லண்டன் நகரத்துப் பங்குதாரர்கள் பணம் போட்டு அனுப்பிய நூற்றுச் சொச்சம் பேர் 1607-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, தங்கள் அரசர் பெயரால் ஜேம்ஸ்டவுன் என்று ஓர் ஊரை அமைத்தார்கள். பொன் கிடைக்கும் என்று வந்தவர்களுக்குக் கிடைத்தது உப்பும் சேறும் கலந்த ஆற்றுத்தண்ணீர். அதைக் குடித்து வயிற்றுக்கடுப்பிலும் ஜுரத்திலும் செத்தார்கள். 1609-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சுமார் ஐந்நூறு பேர் இருந்த அந்தக் குடியேற்றத்தில் வசந்தம் வந்தபோது மிஞ்சியவர் ஏறக்குறைய அறுபது பேர். குதிரையையும் நாயையும் எலியையும் தின்று தீர்த்த பின்பு, தோற்சாமான்களையும் வேகவைத்துத் தின்றார்கள். அக்கம்பக்கத்துப் பூர்வகுடிகள் மனமிரங்கிச் சோளம் கொடுத்த நாளில் பிழைத்தார்கள்; கொடாத நாளில் மாண்டார்கள்; தாமே விதைத்து அறுக்கக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நெடுநாள் பிடித்தது. 1612-வாக்கில் ஜான் ரால்ப் என்பவர் புகையிலையைப் பயிரிட்டுப் பார்த்து, அது லண்டனில் விலைபோகிறது என்று கண்ட பிறகே அந்த ஊருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் ஆள் வேண்டியிருந்தது. சோற்றுக்குப் பயிரிடுகிறவன் தன் வீட்டாரை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடுவான். சந்தைக்குப் பயிரிடுகிறவனுக்குப் பிறத்தியார் கை தேவை. ஜெலெபுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஆள் சேர்ப்பதற்குக் கும்பெனி 1618-இல் ஓர் உபாயம் கண்டது. கப்பற்கூலி கொடுத்து ஒரு மனிதனை அழைத்து வருகிறவனுக்கு, அந்தத் தலை ஒன்றுக்கு 50 ஏக்கர் நிலம் என்று விதித்தார்கள். நிலம் வந்தவனுக்கன்று; வரவழைத்தவனுக்கு. வந்தவன் நாலு வருஷம் முதல் ஏழு வருஷம் வரையில் எஜமானுக்கு உழைப்பதாகக் கைநாட்டு வைத்தான். கைநாட்டு வைத்த காகிதத்தை எஜமான் விற்கலாம், அடகு வைக்கலாம், சீட்டாட்டத்தில் பந்தயமாகக்கூட வைக்கலாம். லண்டன், பிரிஸ்டல் துறைமுகங்களில் குடித்துக் கிடந்தவர்களையும் வேலையற்ற வாலிபர்களையும் அனாதைச் சிறுவர்களையும் ஆசை காட்டிக் கப்பலேற்றுவதையே பிழைப்பாகக் கொண்ட தரகர்கள் திரிந்தார்கள். இந்தக் கடத்தலைப் பற்றிப் புகார் மிகுந்தபின், பிரிஸ்டல் நகரசபை 1654 முதல் போகிறவர்களின் பெயர்களைப் பதிவு செய்யத் தொடங்கிற்று; முப்பது வருஷச் சொச்சத்தில் பதிவான பெயர்கள் சுமார் பதினாயிரம். இப்படி வந்தவர்களின் இடையே ஓர் இந்தியனும் இருந்தான் என்று சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். ஜார்ஜ் மெனிபி என்ற நிலச்சுவான்தார் 1635-இல் நிலம் கேட்டுக் கொடுத்த தலைக்கணக்கில், டோனி என்னும் கிழக்கிந்தியன் ஒருவனின் பெயர் இருக்கிறது. அவன் எந்தக் கரையிலிருந்து போனான், பெற்றோர் இட்ட பெயர் என்ன என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. அந்த ஒரு தலைக்கு மெனிபிக்கு ஐம்பது ஏக்கர் கிடைத்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1830-களிலிருந்து புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் ஏற்றினார்கள்; பிறகு காப்பித் தோட்டம், பிறகு ரப்பர். சஞ்சிக்கூலி என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்த முறையைத்தான். கப்பற்கூலியை முன்பணமாக எழுதிக்கொண்டு, அது தீரும் வரையில், பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு, ஒரே துரையிடம் கட்டுண்டு கிடப்பது. ஓடிப்போனால் அது சிவில் வழக்காகாமல் குற்றமாகி, சிறைக்கு அனுப்புவது. வர்ஜீனியாவிலும் ஓடிப்போனவனைப் பிடித்துச் சவுக்கடி கொடுத்து, காணாமற்போன நாட்களுக்கு மேலும் பல நாட்களைச் சேர்த்து உழைக்கச் சொன்னார்கள். நியாயாதிபதியின் மூளை இரண்டு சமுத்திரங்களிலும் ஒரே வழியில்தான் வேலை செய்திருக்கிறது. மலாயாவில் இந்த ஒப்பந்த முறை 1910-இல் நின்றது. அதற்கு முன்பே வேரூன்றிவிட்ட கங்காணி முறை, தோட்டத்திலிருந்தே ஒருவன் தன் ஊருக்குப் போய்த் தன் ஜாதி சனத்தை அழைத்துவரும் வகையாக, 1938-இல் இந்திய சர்க்கார் தடுக்கும் வரையில் நடந்தது. திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து ஆவடி டிப்போவுக்கும் நாகப்பட்டின டிப்போவுக்கும் வந்து, அம்மைப்பால் குத்திக்கொண்டு, மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, இந்தக் கரையில் தனிமை முகாமில் நாட்களைக் கழித்துவிட்டு, அதன்பின் எந்தத் தோட்டம் என்று அறிந்துகொண்டார்கள். பிரிஸ்டல் தரகனைவிடக் கங்காணி ஒரு வகையில் மேலானவன், அவன் சொந்தக்காரன். இன்னொரு வகையில் கீழானவன், அவனும் சொந்தக்காரனே. வேலைக்கு வந்த ஒவ்வொருவர் பேரிலும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. தலைக்குக் கூலி என்ற அந்த ஏற்பாட்டில் வர்ஜீனியாக்காரன் நிலமாக வாங்கினான். நம்மவன் செப்புக்காசாக வாங்கினான்.

காய்ச்சலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் இந்த மலைநாட்டுக்கு அது தனியாகப் பொருந்தும். வர்ஜீனியாவில் புதிதாக இறங்கியவன் முதல் கோடையைக் கடந்து உயிரோடிருந்தால்தான் அவனை முழு ஆளாக மதித்தார்கள். அந்தக் கோடையிலேயே பலர் முடிந்துபோனார்கள். மலாயாவில், காட்டைத் திருத்தினால் காய்ச்சல் போய்விடும் என்று ஆரம்பத்தில் எல்லோரும் நம்பினார்கள். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், கடலோரச் சமவெளியில் அது மெய் என்று கண்டார். நிழலில் தேங்கிய தண்ணீரில் வளரும் கொசு, காடு போனதும் போயிற்று. ஆனால் மலைச்சாரலில் அதற்கு நேர்மாறான காரியம் நடந்தது. காட்டை வெட்டி வெயில் விழச்செய்த தெளிந்த மலையோடைகளிலே வேறொரு ஜாதிக் கொசு, இன்னும் கொடியது, பெருகிற்று. சுத்தமான ஓடை என்று நம்பி அதன் கரையில் லயன் என்னும் வரிசை வீடுகளைக் கட்டிக் குடியிருந்த ஜனங்கள்தான் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். துரைமார் பலர் சோம்பல் என்று எழுதிவைத்ததில் பாதி, ரத்தத்தில் இருந்த மலேரியா. வாட்சனின் உபதேசப்படி மலையோடைகளைப் பூமிக்கடியில் குழாய் வழியாக ஓடவிட்டும், எண்ணெய் அடித்தும் பிறகு அதைக் கட்டுப்படுத்தினார்கள். மருந்துத் தண்ணீரைக் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்து வாயில் ஊற்றிய காலத்தைக் கிழவர்கள் கதையாகச் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அந்தக் கொயினாக் கசப்பு இல்லாவிட்டால் நம்மில் பலர் பிறந்தேயிருக்கமாட்டோம்.

தோட்டத்து நாளை உங்களுக்கு நான் வர்ணிப்பது அதிகப்பிரசங்கமாகும். இருளோடு பெரட்டு, கிராணியின் செக்ரோல் என்னும் பேரேட்டில் பேர், நிரை பிடித்து மங்கு துடைத்துப் பால்மரத்தைக் கத்தியால் சீவுதல், வெயில் ஏறுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடுதல், பின்னேரம் புல்வெட்டு. இந்த ஜெலெபு மலேசியாவிலேயே மழை குறைந்த பகுதி என்று வானிலைக் கணக்கு சொல்லுகிறது. விடியற்காலத்தில் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் காசு இல்லை என்றிருந்த காலத்தில், இங்கே வந்து சேர்ந்தவர்கள் அந்த ஒரு வகையில் பாக்கியசாலிகள்தான். 1920-களின் கடைசியில் பல பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சர்க்கார் கூலி நிர்ணயித்திருந்தது. அதே மரம், அதே கத்தி, அதே மலையேற்றம். பத்துக் காசு குறைவு ஏன் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, கேட்டிருந்தாலும் எழுதிவைத்தவர் இல்லை. பணத்தைவிட மானம் பெரிதாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது.

பெண்களைப் பற்றிப் பேச வேறெந்த ஊரையும்விட இந்த ஊரே தகுந்த இடம். ஜெலெபுவின் மினாங்கபாவ் வழிவந்த மக்களின் அடாட் பெர்ப்பாத்தே முறையில் குலம் தாய்வழியில் செல்லும், பூர்விக நிலமும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும்; அந்த நிலம் குலத்தைவிட்டு வெளியேறாதபடி நெகிரி செம்பிலானில் 1909-லேயே சட்டம் செய்து காப்பாற்றினார்கள். இதை நமக்கு மட்டும் வாய்த்த விசேஷம் என்று எண்ணவேண்டாம். ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் இறங்கியபோது அந்தப் பிரதேசத்தை ஆண்ட பவ்ஹாட்டன் அரசரின் வம்சத்திலும் பட்டம் தாய்வழியிலேதான் இறங்கிற்று. அரசருக்குப் பின் அவர் சகோதரர், பிறகு சகோதரிகள், பிறகு சகோதரியின் மக்கள். ஆங்கிலேயரின் சட்டமோ, கலியாணம் ஆனவுடன் பெண்ணின் சொத்தைப் புருஷன் கையில் கொடுத்துவிடும் சட்டம். ஆண்களே மிகுந்திருந்த அந்தக் குடியேற்றத்துக்குக் கும்பெனி 1620-இல் தொண்ணூறு கன்னிப் பெண்களை அனுப்பி, மணந்துகொள்ள விரும்பியவன் கப்பற்செலவுக்காக 120 ராத்தல் புகையிலை கட்டவேண்டும் என்று வைத்தது. தாய்வழி என்ற தத்துவத்தை வர்ஜீனியாக்காரர்கள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1662-இல் அவர்கள் செய்த சட்டப்படி, பிள்ளை அடிமையா சுதந்திர மனிதனா என்பதைத் தாயின் நிலைமை தீர்மானிக்கும்; தகப்பன் எஜமானே ஆனாலும் அடிமைப் பெண்ணின் குழந்தை அடிமை. இங்கே தாய் நிலத்தைக் கொடுத்தாள், அங்கே தாய் விலங்கைக் கொடுக்கும்படி செய்தார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே நம் தோட்டத்துத் தாய்மார் நின்றார்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஆற்றுக்கு அப்பால் மலாய்ப் பெண்மணி தன் பேரில் பட்டா உள்ள வயலில் நடுவதைப் பார்த்துக்கொண்டே மரம் சீவப் போனார்கள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எழுத நம்மிடத்தில் ஒரு நாவலாசிரியர் இன்னும் தோன்றவேண்டும்.

ஒரு குடியேற்றத்தை எடைபோட நான் கைக்கொள்ளும் அளவுகோலை இப்போது சொல்லுகிறேன். கப்பலில் பட்ட கஷ்டத்தையும் காட்டில் பட்ட கஷ்டத்தையும் ஒப்பிட்டு யார் அதிகம் அழுதார்கள் என்று பார்ப்பதில் பயனில்லை. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் காலையில் அந்த மனிதன் எங்கே நின்றான் என்று பார்க்கவேண்டும். வர்ஜீனியாவில் தவணை முடித்தவனுக்கு எஜமான் சோளமும் உடையும், சில காலங்களில் சில இடங்களில் நிலத்துக்கான உரிமையும் கொடுத்தனுப்பினான். 1660-க்கு முன்பு வந்து காய்ச்சலுக்குத் தப்பியவர்களில் கணிசமானோர் சிறு நிலத்துக்குச் சொந்தக்காரர்களானார்கள்; வாக்களித்தார்கள்; சிலர் தாமே வேலைக்காரர் வைத்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து 1621-இல் கொண்டுவரப்பட்ட ஆண்டனி ஜான்சன் என்பவர்கூட விடுதலை பெற்று, 1651-இல் 250 ஏக்கருக்கு உடையவராக இருந்தார்.

அந்தக் கதவு வெகுநாள் திறந்திருக்கவில்லை. நல்ல நிலமெல்லாம் பெரியவர்கள் கைக்குப் போயிற்று. புகையிலை விலை விழுந்தது. 1670-இல் நிலமோ வீடோ இல்லாதவனுக்கு வாக்கு இல்லை என்று சட்டமாயிற்று. 1676-இல் நிலமற்ற வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து பேக்கன் என்பவரின் தலைமையில் கலகம் செய்து ஜேம்ஸ்டவுனுக்கே தீ வைத்தார்கள். அதன்பின் எஜமான்கள், என்றைக்கோ ஒருநாள் சுதந்திரம் பெற்று நிலம் கேட்கப்போகும் ஒப்பந்தக்காரனைக் காட்டிலும், என்றைக்குமே கேட்கமுடியாத அடிமையே மேல் என்ற முடிவுக்கு வேகமாக வந்தார்கள். ஆண்டனி ஜான்சன் 1670-இல் இறந்தபோது, அவர் நீக்ரோ, ஆகையால் அன்னியர் என்று ஒரு ஜூரி தீர்ப்பளித்து, அவர் வர்ஜீனியாவில் விட்டுப்போன நிலம் வாரிசுக்குப் போகாமல் செய்தது. நாற்பது வருஷத்துக்குமேல் அந்த மண்ணில் உழைத்த ஒருவரை!

நம்மவர் அடிமைகள் அல்லர். அந்தச் சொல்லைப் பிரசங்க மேடையில் தாராளமாக வீசுகிறவர்கள் ஆப்பிரிக்கர் பட்டதையும் அறியார், நம்மவர் பட்டதையும் அறியார். ஆனால் நம்மவருக்கு அந்த மறுநாள் காலை என்ற ஒன்றே இருக்கவில்லை. முன்பணம் தீர்ந்த மறுநாளும் அதே லயன், அதே நிரை, அதே செக்ரோல். ஊருக்குத் திரும்பிப் போகலாம். அங்கே நிலம் இருந்திருந்தால் வந்தேயிருக்கமாட்டார்கள். 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரமாயிரம் பேரைச் சர்க்காரே கப்பலேற்றித் திருப்பி அனுப்பிற்று. விலை ஏறியபோது மறுபடி அழைத்தது. வேலையில் மூப்படைந்தால் வீடும் போயிற்று, ஏனெனில் வீடு வேலையோடு சேர்ந்தது. காட்டை நாடாக்கிய கையில் ஒரு சாண் நாடு எழுதப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1969-இல் பிரஜாவுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, இந்த மரங்களை நட்டவர்களில் பலர் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள்.

நிலம்தான் நம் குறை என்பதை நம் தலைவர்கள் கண்டுகொண்டது 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது. வெள்ளைக்காரக் கும்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்க, ஒரே நாளில் வேலையும் வீடும் கோயிலும் பள்ளியும் பறிபோன குடும்பங்கள் சாலையோரத்தில் நின்றன. 1951 முதல் 1960 வரையில் நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார், வாசிக்கத்தக்க நூல். அப்போது அந்தத் தலைவர்களில் ஒருவரான வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோட்டமாகப் போய், தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மறுவருஷம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் விலைக்கு வாங்கிற்று. மரம் வெட்டியவனே அந்த மரத்துக்குப் பங்காளி என்பது மலாயாத் தமிழர் சரித்திரத்தில் அன்றைக்குத்தான் மெய்யாயிற்று.

இதைப் பெருஞ்சாதனை என்று புகழ்வோரோடு நான் முக்காற்பங்கு உடன்படுகிறேன். உடன்படாத காற்பங்கு எதுவென்றால், சங்கம் வாங்கியதும் தோட்டமாகவே இருந்தது. பட்டா சங்கத்தின் பேரில், தொழிலாளி அதில் பங்குதாரன், ஆயினும் குடியிருக்க ஒரு மனைக்கட்டும் நாலு தென்னையும் அவன் பேரில் தனியே எழுதப்படவில்லை. அன்றைய நிலைமையில் தோட்டத்தைத் துண்டாக்காமல் காப்பாற்றுவதே அவசரமாக இருந்தது, ஆகவே அதற்கு மேல் செய்திருக்க முடியாது என்று சம்பந்தனுடைய நண்பர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும், செம்பனைக்காகவும் வீட்டுமனைக்காகவும் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டபோது லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் பெற்ற குடும்பங்கள் இந்தச் சபையிலும் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர்கள் கையில் அன்றைக்கு எந்தக் காகிதம் இருந்தது, எந்தக் காகிதம் இல்லை என்பதை அவர்களே எழுந்து சொல்லட்டும். தலைவர் அனுமதித்தால் மீதி நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.